ஏஜிஎம்முக்கு முந்தைய 14 நாள்: அடுக்குமாடிக் கூட்டத்தில் விவரம் தெரிந்து ஓட்டுப் போடுவது எப்படி

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் 14 மாடி, 312 வீடு, கீழே எட்டுக் கடை. ஆண்டுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்த்தள மண்டபத்தில் ஏஜிஎம், அதாவது ஆண்டுப் பொதுக்கூட்டம், நடக்கும். வாசலில் பெயரைப் பதிந்து, நாசி லெமாக் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவோம். குப்பைத்தொட்டி பற்றி ஒருவர் அரைமணி நேரம் பேசுவார், பார்க்கிங் பற்றி இன்னொருவர் சத்தம் போடுவார், அதெல்லாம் முடிந்து எல்லோருக்கும் களைத்துப்போன நேரத்தில் நாலு லட்சம் ரிங்கிட் தீர்மானம் ஒன்று திரையில் வரும், "ஓகேவா?" என்று கேட்பார்கள், பாதிப் பேர் கையைத் தூக்குவார்கள், முடிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் லிஃப்ட்டில்தான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம், இப்போது எதற்குக் கை தூக்கினோம் என்று.

நான் ஆறு ஆண்டாக இந்தக் கூட்டங்களுக்குப் போகிறேன். கமிட்டியில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று எழுத வரவில்லை. சம்பளம் இல்லாமல் ராத்திரி பதினொரு மணிக்குக் காவலுக்கு இருக்கும் ஜாகாவோடு பம்ப் அறையில் நிற்பவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது, கேள்வியை எப்படி வைப்பது என்பதும் அவர்கள் கையில் இருக்கிறது, கூட்டத்தில் உட்காரும்போது நம் மனமும் நம்மைச் சில இடங்களில் தள்ளிவிடுகிறது. இந்த மூன்றையும் பொருளாதாரக்காரர்கள் நன்றாகவே ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டை எண்ணுவது மட்டும்தான் நடக்கிறது. முடிவு அதற்கு முன்பே, நோட்டீஸ் வந்த நாளிலிருந்து உள்ள இரண்டு வாரத்தில் ஆகிவிடுகிறது. அந்த இரண்டு வாரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஓட்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

அடுக்குமாடிகளுக்கான மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்படி ஏஜிஎம்முக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்தவுடன் பாக்கியைப் பாருங்கள். கூட்டத்துக்கு ஏழாவது நாள் முன்பு உங்கள் பெயரில் மெய்ண்டனன்ஸோ (மாதப் பராமரிப்புக் கட்டணம்) சிங்கிங் ஃபண்டோ (பெரிய வேலைகளுக்கான சேமிப்பு) வேறு எந்தத் தொகையோ பாக்கி இருந்தால் நீங்கள் கூட்டத்துக்குப் போகலாம், ஓட்டுப் போட முடியாது. சிறு தொகைதானே என்று விட்டுவிடக் கூடாது. ஓராண்டு எனக்கு 38 ரிங்கிட் தண்ணீர்க் கட்டணம் பாக்கி இருந்தது, பில் பழைய முகவரிக்குப் போயிருந்தது, வாசலில் வெள்ளை அட்டை கொடுத்தார்கள், ஓட்டுரிமை உள்ளவர்களுக்குப் பச்சை அட்டை. மூன்று மணி நேரம் வெள்ளை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்துக்குப் போய் ஸ்டேட்மெண்ட் கேட்டு வாங்கி, கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நம் குடும்பங்களில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று. வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால், கை தூக்கும் ஓட்டில் இருவரில் ஒருவர் தானாகவே கை தூக்கிவிட முடியாது. இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒருவரை ப்ராக்ஸியாக, அதாவது தங்கள் சார்பில் ஓட்டுப் போடுபவராக, நியமிக்க வேண்டும், அது கணவனாகவோ மனைவியாகவோ இருக்கலாம். அந்தப் பாரத்தைக் கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக் கூட்டம் என்றால் வெள்ளி காலை பத்து மணி. வெள்ளி மாலை கொண்டுபோனால் போச்சு. ஊரில் இல்லாத அண்டைவீட்டுக்காரருக்கு நீங்கள் ப்ராக்ஸியாகப் போகலாம், ஆனால் ஒருவர் ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு உரிமையாளருக்குத்தான் ப்ராக்ஸியாக இருக்க முடியும். ஒருவரே கட்டுக்கட்டாகப் பாரம் வைத்துக்கொண்டு வந்தால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கூட்டத்துக்கு ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வர வேண்டும். வராவிட்டால் அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு வந்தவர்களே போதுமான எண்ணிக்கை (கோரம்) என்று ஆரம்பித்துவிடலாம், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதனால் 312 வீட்டுக் கட்டடத்தில் 40 பேர் எடுக்கும் முடிவு எல்லோரையும் கட்டும். இதைப் படித்து மலைத்துப் போக வேண்டாம். நீங்களும் உங்கள் மாடியில் நாலு பேரும் போனால் அது சின்ன எண்ணிக்கை அல்ல என்பதும் இதே கணக்கில்தான் வருகிறது.

காகிதங்களைப் பங்கு போட்டுப் படியுங்கள்

நோட்டீஸோடு தணிக்கை செய்த கணக்கு வரும். எங்களுக்கு நாற்பது பக்கம் வந்தது. பொருளாதார அறிஞர் ஆண்டனி டவுன்ஸ் 1957-இல் சொன்ன வாதம் இங்கே அப்படியே பொருந்துகிறது: நூற்றுக்கணக்கான ஓட்டில் ஒரு ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகக் குறைவு, விவரம் சேகரிக்கும் உழைப்போ முழுக்க உங்களுடையது, அதனால் படிக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். சோம்பலால் வருவது அல்ல இது. ஆனால் எல்லோரும் அப்படி முடிவு செய்தால் படித்தவர்கள் கமிட்டியும் மேனேஜரும் மட்டும்தான்.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளிது. ஐந்து பேர் சேர்ந்தோம், ஆளுக்கு எட்டுப் பக்கம். ஏழாம் மாடி அக்கா வங்கியில் வேலை பார்த்தவர், அவருக்கு இருப்புக் கணக்கு. எனக்கு ஒப்பந்தச் செலவுகள். ஒரு தம்பிக்கு போன வருடக் கூட்டக் குறிப்பு (மினிட்ஸ்). புதன்கிழமை ராத்திரி மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டோம். கணக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், மற்றவர்கள் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களாக இருந்தால் சரி.

எதைப் பார்ப்பது? வரவு செலவுப் பக்கத்தில் நேரத்தைக் கொட்டாதீர்கள். வர வேண்டிய பாக்கி எவ்வளவு, அதில் ஓராண்டுக்கு மேல் நிற்பது எவ்வளவு என்று பாருங்கள். கணக்கில் அது வருமானமாகவே காட்டப்பட்டிருக்கும், வங்கியில் இருக்காது. "உபரி" என்று எழுதியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கப் பணமில்லாமல் போவது இப்படித்தான். அப்புறம் சிங்கிங் ஃபண்ட். பெயிண்ட், லிஃப்ட், தண்ணீர்க் குழாய் மாதிரி பெரிய வேலைகளுக்கான சேமிப்பு அது, வழக்கமாக மெய்ண்டனன்ஸில் 10 விழுக்காடு அளவுத் தொகை அதில் சேரும், கணக்கும் தனியாக இருக்க வேண்டும். மாதச் செலவுக்கு அதிலிருந்து கைமாற்று எடுத்திருந்தால் குறிப்புப் பக்கங்களில் எங்கேயாவது சின்ன எழுத்தில் இருக்கும். எங்களுடையதில் 17-ஆம் குறிப்பில் இருந்தது. கேட்டோம், திருப்பி வைக்கத் தேதி சொன்னார்கள். கூட்டத்தில் எழுந்து குற்றம் சாட்டியிருந்தால் அந்தத் தேதி கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். முன்கூட்டியே எழுத்தில் கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்கும் நேரம் இருக்கும்.

உங்களுக்கு ஒரு விஷயம் தீர்மானமாக வர வேண்டும் என்றால் இப்போதே செய்யுங்கள். கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன் எழுத்தில் கொடுத்தால் அந்த மோஷனை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். ஏழு நாள் தாண்டிவிட்டால் நீங்கள் பேசுவது "இதர விஷயங்கள்" என்ற கடைசி வரியில் காற்றோடு போகும்.

மூன்று கொட்டேஷன் கதை

பெரிய செலவு என்றால் மூன்று கொட்டேஷன் எடுத்தோம் என்று சொல்வார்கள். அந்த மூன்றையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள், கடைசிப் பக்கத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். எங்கள் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்க 465,000 ரிங்கிட், 440,000 ரிங்கிட், 382,000 ரிங்கிட் என்று மூன்று வந்தன. கமிட்டி மூன்றாவதைப் பரிந்துரைத்தது. அக்கா மூன்றையும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். முதல் இரண்டிலும் வேலைகள் ஒரே வரிசையில் இருந்தன, ஒரே தேதி, சாரம் கட்டுவதைக் குறிக்கும் 'ஸ்கஃபோல்டிங்' என்ற சொல்லில் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. மூன்றாவதிலும் அதே எழுத்து இல்லை. அதாவது மூன்றையும் எழுதிய கை ஒன்று. கமிட்டிக்கும் அது தெரியாது என்று நான் நம்புகிறேன், ஏனென்றால் காட்டியபோது தலைவர் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

முதலில் 465,000 என்று பார்த்த பிறகு 382,000 மலிவாகத் தெரிகிறது அல்லவா, அதற்காகத்தான் அந்த இரண்டும். உளவியலாளர்கள் டானியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1974-இல் எழுதிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு சுழல்சக்கரத்தை 10-இலோ 65-இலோ நிற்கும்படி செய்துவைத்து, ஆட்களுக்கு முன்னால் சுற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். 10 பார்த்தவர்களின் நடுமதிப்பு 25, 65 பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அப்படியிருந்தும் முதலில் கண்ணில் பட்ட எண் மனதைக் கட்டிப்போட்டது. அதனால் கமிட்டியின் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே உங்களுக்கென்று ஓர் எண் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் போன வருடம் என்ன கொடுத்தார்கள், எத்தனை மாடி, எத்தனை வீடு என்று கேட்டால் போதும். ஜாலான் ஈப்போ பக்கம் இரண்டு கட்டடங்களில் கேட்டோம். எங்கள் அளவுக்கு மூன்றேகால் லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று புரிந்தது.

சரி, வேறு ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிட்டாலும் யார் நல்லவர் என்று எப்படித் தெரியும்? பழைய மைவி கார் வாங்கப் போகிற மாதிரிதான் இது. காரின் நிலைமை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் சந்தேகத்தில் நடுத்தர விலைதான் தருவார், அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார், சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் விளக்கியது இதைத்தான். 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பெயிண்ட் வேலையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் எத்தனை கோட் அடித்தார்கள் என்பது இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகுதான் சுவரில் தெரியும். "ஆகக் குறைந்த விலை" என்று மட்டும் பார்த்தால் ஒழுங்காக வேலை செய்கிறவர் கொட்டேஷன் கொடுப்பதையே விட்டுவிடுவார். தவறாகக் கணக்குப் போட்டுக் குறைவாகக் கேட்டவர்தான் வேலையைப் பெறுவார், பாதியில் "எக்ஸ்ட்ரா வேலை" பில் வரத் தொடங்கும்.

இதிலிருந்து தப்ப ஸ்டிக்லிட்ஸ் வழியில் ஒன்று செய்யலாம். ஆளைத் துருவித் துருவி விசாரிக்காமல், இரண்டு விதமான பேரத்தை எழுதி வைத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது. ஒன்று, சாதாரண விலை, வேலை முடிந்ததும் முழுப் பணம். இரண்டாவது, விலையில் கொஞ்சம் கூடுதல், ஆனால் பத்து விழுக்காடு பணத்தை இரண்டு ஆண்டு பிடித்துவைப்போம், சுவர் உரியாமல் இருந்தால்தான் கிடைக்கும். தன் வேலை நீடித்து நிற்கும் என்று தெரிந்தவருக்கு இரண்டாவது லாபம், தெரியாதவருக்கு முதலாவது லாபம். எங்களுக்கு வந்த நால்வரில் ஒருவர் மட்டும் தயங்காமல் இரண்டாவதை எடுத்தார், அவர் விலை 331,000. மற்ற மூவரும் "பாஸ், நம்பிக்கை வேணும்" என்றார்கள். நம்பிக்கைக்கு ஒரு விலை வைத்துக் கேட்டதில் யாருடையது எவ்வளவு என்று வெளியே வந்துவிட்டது.

கேள்வியை யார் வைக்கிறார்கள் என்று பாருங்கள்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும், மூன்று வேலை காத்திருக்கிறது என்று வையுங்கள்: பெயிண்ட், லிஃப்ட், தானியங்கி கேட். நூறு பேர் வந்திருக்கிறார்கள். வாடகைக்கு விட்டிருக்கும் 40 பேருக்குப் பெயிண்ட் முதலில், பிறகு லிஃப்ட், கடைசியில் கேட். மேல்மாடி 35 பேருக்கு லிஃப்ட், பிறகு கேட், கடைசியில் பெயிண்ட். கீழ்மாடி 25 பேருக்குக் கேட், பிறகு லிஃப்ட், கடைசியில் பெயிண்ட். "மூன்றில் ஒன்றுக்குக் கை தூக்குங்கள்" என்றால் பெயிண்ட் 40 வாங்கி ஜெயிக்கும். ஆனால் 60 பேர் அதைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். லிஃப்ட்டையும் பெயிண்ட்டையும் மட்டும் நேருக்கு நேர் நிறுத்தினால் லிஃப்ட் 60–40, லிஃப்ட்டையும் கேட்டையும் நிறுத்தினால் லிஃப்ட் 75–25. பெரும்பாலோருக்குச் சம்மதமானது லிஃப்ட், கை எண்ணியபோது இரண்டாவதாகப் போனது.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்றை பிரெஞ்சு அறிஞர் கோண்டோர்சே 1785-இலேயே காட்டிவிட்டார். அதே நூறு பேரின் இரண்டாவது விருப்பத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். 40 பேருக்குப் பெயிண்ட், கேட், லிஃப்ட் என்ற வரிசை. 35 பேருக்கு லிஃப்ட், பெயிண்ட், கேட். 25 பேருக்குக் கேட், லிஃப்ட், பெயிண்ட். இப்போது பெயிண்ட் கேட்டை 75–25 என்று தோற்கடிக்கிறது, கேட் லிஃப்ட்டை 65–35 என்று தோற்கடிக்கிறது, லிஃப்ட் பெயிண்ட்டை 60–40 என்று தோற்கடிக்கிறது. வட்டமாகச் சுற்றுகிறது, ஜெயித்தவர் என்று யாரும் இல்லை. இந்த நிலையில் இரண்டிரண்டாக ஓட்டுக்கு விட்டால் எதை முதலில் விடுகிறோம் என்பதே முடிவைச் சொல்லிவிடும். முதலில் பெயிண்ட்டையும் லிஃப்ட்டையும் மோதவிட்டால் கடைசியில் கேட் வரும். முதலில் பெயிண்ட்டையும் கேட்டையும் மோதவிட்டால் லிஃப்ட் வரும். முதலில் லிஃப்ட்டையும் கேட்டையும் விட்டால் பெயிண்ட். ஒருவர்கூட மனம் மாறவில்லை, நிகழ்ச்சி நிரலை எழுதியவர் மட்டும்தான் மாறியிருக்கிறார். எந்தக் குறையும் இல்லாத ஓட்டு முறை என்று ஒன்று கிடையாது என்பதை கென்னத் ஆரோ 1951-இல் கணிதமாகவே நிறுவினார். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, சில முறைகள் மற்றவற்றைவிடக் குறைவாக ஏமாற்றும்.

நடைமுறையில் இப்படிச் செய்யச் சொல்லிக் கமிட்டியிடம் கேளுங்கள். தீர்மானத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கருத்துச் சீட்டு. மூன்று வேலையையும் எழுதி, "இதற்குப் பணம் போடச் சம்மதம்" என்று எத்தனைக்கு வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம் என்று விடுங்கள். அதிக டிக் வாங்கியதை மட்டும் முறையான தீர்மானமாக வைத்து ஆமா இல்லையா என்று ஓட்டெடுங்கள். சம்மத ஓட்டு என்பார்கள் இதை. என் முதல் விருப்பம் தோற்றுவிடுமே என்று பயந்து மனதுக்குப் பிடிக்காததற்குக் கை தூக்க வேண்டிய அவசியம் குறையும், பெரும்பாலோர் வெறுக்கும் ஒன்று ஓட்டுப் பிளவால் ஜெயிப்பதும் குறையும். சட்டப்படி செல்லுபடியாகிற ஓட்டு கடைசி ஒன்றுதான், அதனால் நடைமுறைச் சிக்கலும் வராது. நாங்கள் செய்தபோது சீட்டு எண்ண பன்னிரண்டு நிமிடம் ஆனது.

கமிட்டித் தேர்தலிலும் இதே கண்ணோடு பாருங்கள். மூன்று பேரிலிருந்து 14 பேர் வரை இருக்கலாம். ஒன்பது இடம் என்று முடிவானால் ஒவ்வொருவரும் ஒன்பது பெயருக்கு ஓட்டுப் போடுகிறோம். ஒன்பது பேர் ஓர் அணியாக வந்து, வந்திருப்பவர்களில் 51 பேர் அப்படியே அந்த ஒன்பதையும் டிக் அடித்தால் மீதி 49 பேருக்கு ஓர் இடம்கூடக் கிடைக்காது. தடுக்க வேண்டும் என்றால் அணியாக வருபவர்களிடம் முன்கூட்டியே பேசி, ஒவ்வொரு ப்ளோக்கிலிருந்தும் ஆள் வரட்டும் என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். நம்மவர்கள் நம்மவர்களுக்கே போடுவோம் என்ற பேச்சும் ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸ்அப்பில் வருகிறது, தமிழர், மலாய்க்காரர், சீனர் மூன்று பக்கமும்தான். பொருளாளர் வேலைக்குக் கணக்குத் தெரிந்தவர் வேண்டும், அதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

மண்டபத்துக்குள்

கை தூக்கும்போது எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறோம். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனையில் எந்தக் கோடு நீளம் என்ற மிக எளிய கேள்விக்கு, கூட இருந்தவர்கள் சேர்ந்து தப்பாகச் சொன்னபோது நாலில் மூன்று பேர் ஒருமுறையாவது அவர்களோடு சேர்ந்து தப்பைச் சொன்னார்கள். ஆனால் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால்கூட மற்றவருக்கு அந்த அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இதில் நமக்கு உபயோகமான பகுதி இரண்டாவதுதான். தனியாக எதிர்க்கப் போகாதீர்கள். முதல் நாளே ஒருவரிடம் பேசி, நீங்கள் கை தூக்கும்போது அவரும் தூக்கட்டும், மண்டபத்தின் வேறு மூலையில் உட்கார்ந்து.

முக்கியமான தீர்மானத்துக்குச் சீட்டு ஓட்டு கேட்கலாம். ஒரே ஓர் உரிமையாளர் கேட்டாலும் போதும். ஆனால் கேட்கும் முன் கணக்குப் பாருங்கள், ஏனென்றால் கை தூக்கும் ஓட்டில் ஒரு வீட்டுக்கு ஒன்று, சீட்டு ஓட்டில் அந்தந்த வீட்டின் ஷேர் யூனிட் எண்ணிக்கை, அதாவது அதற்கு ஒதுக்கிய பங்கின் அளவு. பெரிய வீடு, கடை, விற்காமல் டெவலப்பர் கையில் இருக்கும் வீடுகள் எல்லாம் அப்போது கனத்துவிடும். எங்கள் கீழ்த்தளக் கடைகள் எட்டும் சேர்ந்தால் இரண்டு மாடிக்குச் சமம். அவர்கள் உங்கள் பக்கம் இல்லை என்றால் கை தூக்குவதே உங்களுக்கு நல்லது, அதற்கு ஆஷ் சொன்ன துணை ஆள் இன்னும் முக்கியமாகிறார்.

கட்டண உயர்வு வரும்போதுதான் மண்டபம் கொதிக்கும். கையிலிருந்து போகும் பணம் வலிக்கும் அளவுக்கு, அதே அளவு வரும் பணம் இனிக்காது என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் காட்டினார்கள். மாதம் 25 ரிங்கிட் கூடுகிறது என்பது இன்றைக்கே வலிக்கிறது, லிஃப்ட் நிற்கப் போவதோ எப்போதோ. அதனால் ஆண்டாண்டுக்குத் தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரேயடியாக ஒரு வீட்டுக்கு மூவாயிரம் கட்டு என்று வந்து நிற்கும். ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் ஓய்வூதியச் சேமிப்புக்கு ஒரு வழி செய்தார்கள்: இன்றைக்கு ஒன்றும் பிடிக்க வேண்டாம், அடுத்த சம்பள உயர்வு வரும்போது கொஞ்சம் பிடிக்கலாம் என்று இன்றைக்கே ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். முதலில் செய்து பார்த்த இடத்தில் சேமிப்பு 40 மாதத்தில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காட்டுக்கு ஏறியது. நாமும் அப்படிக் கேட்கலாம். இந்த ஆண்டு ஒன்றும் இல்லை, வரும் ஜனவரியில் 8 ரிங்கிட், அதற்கடுத்த ஜனவரியில் 8, பிறகு 9. பணம் எந்த வேலைக்குப் போகிறது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் இரண்டு தடவை ஓட்டில் தோற்றுப்போன உயர்வு இப்படித்தான் நிறைவேறியது. அன்றைக்கு ஆதரவாக எழுந்து பேசியவர் பன்னிரண்டாம் மாடி அம்மா, முட்டி வலியோடு லிஃப்ட் நின்ற ஒரு புதன்கிழமை படிக்கட்டில் நாலு தடவை உட்கார்ந்து எழுந்து ஏறியதைச் சொன்னார். எந்த எண்ணை விடவும் அது மண்டபத்தை அமைதியாக்கியது. அப்படி அனுபவித்தவர்கள் உங்கள் மாடியிலும் இருப்பார்கள், பேசச் சொல்லிக் கேளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் தீர்மானத்தின் சொற்களையும் ஓட்டு எண்ணிக்கையையும் மண்டபத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மினிட்ஸ் வந்தவுடன் இரண்டையும் ஒப்பிடுங்கள். "கொள்கையளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று சொல் மாறியிருந்தால் உடனே எழுத்தில் திருத்தம் கேளுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பதில் இல்லை என்றால் கோலாலம்பூரில் மாநகராட்சியான டிபிகேஎல்லில் உள்ள கட்டட ஆணையர் பிரிவுக்கு எழுதலாம், பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு அங்குள்ள மாநகராட்சியான எம்பிபிபி. அதற்கு மேலும் போக வேண்டி வந்தால் ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது, 250,000 ரிங்கிட் வரையுள்ள கோரிக்கைகளை எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு கடிதத்தின் நகலிலும் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்திருந்தால் அங்கே உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.